கோழிக்காசு

எங்கள் ஊர் கொடைக்கானல் மலைப் பக்கம், தாண்டிக்குடிக்குக் கொஞ்சம் கீழே. காப்பிப் பழம் எடுத்து மிளகு உதிர்த்துக் காசு வருவது வருஷத்துக்கு ஒரு தடவை, அது அப்பாவின் சட்டைப்பைக்கு வந்து அப்படியே உரக்கடைக்குப் போய்விடும். கோழிக்காசு மட்டும் அம்மாவின் கடுகு டப்பாவில் கிடக்கும். அதற்கு யாரும் கணக்குக் கேட்டதில்லை. நான் வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறிப் படித்ததும் அந்த டப்பாவை நம்பித்தான்.

அம்மாவிடம் ஐந்தாறு சிறுவிடை நாட்டுக்கோழியும் ஒரு சேவலும் எப்போதும் இருக்கும். சிறுவிடைதான் ஒழுங்காக அடை படுக்கும். பத்துப் பன்னிரண்டு முட்டையோடு கூடையில் ஒரு கரித்துண்டு, ஒரு ஆணி, காய்ந்த மிளகாய் போட்டு வைப்பாள், ஐப்பசி இடிக்கு முட்டை கெட்டுவிடக் கூடாதாம். இதற்கு நான் சிரிப்பேன். ஆனால் ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே நரம்பு ஓடாத முட்டையைத் தனியே எடுத்துவிடுவாள் பாருங்கள், அங்கே சிரிக்க ஒன்றுமில்லை. 21 நாளில் குஞ்சு. அடைமழையும் குளிருமாக இருந்தால் தாயும் குஞ்சுமாகப் பஞ்சாரத்தோடு அடுப்படிக்குக் குடிவந்துவிடும், அப்புறம் வீடு முழுக்கக் கோழி நாற்றம்தான்.

ஒரு வருஷம் வெள்ளைக்கழிச்சல் என்கிற கோழிநோய் வந்து நான்கே நாளில் எல்லாம் போனது. அம்மா அழவில்லை, எதிர்வீட்டுச் சித்தியிடம் ஒரு கோழியை வாரத்துக்கு வாங்கி வந்தாள், பொரிக்கிற குஞ்சில் பாதி அவளுக்கு, பாதி இவளுக்கு. அதற்குப் பிறகு தடுப்பூசியை விட்டதேயில்லை. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி. ஒரு குப்பி நூறு கோழிக்கு வரும், திறந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் வீணாகிவிடும். ஐந்து கோழி வைத்திருப்பவள் தனியாக என்ன செய்வாள்? அதனால் தெருவில் உள்ள பெண்கள் எல்லாரும் ஒரே நாள் பேசி வைத்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்து வாங்கி வருவார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். அரசாங்கம் பாதி மானியத்தில் 250 குஞ்சு வைத்துப் பண்ணை போடச் சொல்கிறது, நல்ல திட்டம்தான். ஆனால் 625 சதுர அடி இடம் வேண்டும், அந்த நிலத்துக்குச் சிட்டா வேண்டும். எங்கள் பக்கம் சிட்டா யார் பெயரில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வீட்டில் கணவர் பெயரில் ஷெட் ஏறியது. தீவனம் வைப்பதும் எரு அள்ளுவதும் ராத்திரி மரநாய்க்குக் காவல் எழுந்திருப்பதும் இன்றும் அக்காதான். வியாபாரி வந்தால் மட்டும் பேசுவது அவர், பணம் வாங்குவதும் அவர். முன்பு அக்காவிடம் அவசரத்துக்கு இருநூறு ரூபாய் கைமாற்று கேட்கலாம், இப்போது கேட்டால் "அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்கிறார்.

போன மாதம் ஊருக்குப் போனபோது, நாமும் ஒரு ஷெட் போடலாமா என்று அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"போடுறது இருக்கட்டும்டி, யார் பேருல?" என்று சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் கோழிகளை அடைக்கப் போய்விட்டாள்.