வகுப்பில் வாதாடும் பெரியவர்கள்

வேலை முடித்துவிட்டு தொழிற்பயிற்சி வகுப்புக்கு வருகிற பெரியவர்களிடம் பள்ளிக்கூட மிரட்டல் எதுவும் செல்லாது. வெளியே போங்கள் என்றால் நிஜமாகவே கிளம்பிவிடுவார்கள், அப்புறம் வரவே மாட்டார்கள்.

எனக்குப் பெரிய சவால் சத்தம் போடுகிறவர் அல்ல, "இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது சார், நாங்க 20 வருஷமா வேற மாதிரிதான் செய்யறோம்" என்று அடிக்கடி குறுக்கிடுகிற அனுபவசாலிதான். அடக்கப் பார்த்தால் பாதிப்பேர் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். அவர் சொல்வதில் பெரும்பாலும் உண்மையும் இருக்கும், அதுதான் சங்கடம். அதனால் அவரையே பலகைக்குக் கூப்பிட்டு, உங்கள் முறையை 5 நிமிடத்தில் விளக்குங்கள், அது எங்கே சொதப்பும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுவிடுவேன். நேரத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் மொத்த வகுப்பையும் அவரே எடுத்து முடித்துவிடுவார்!

பெரியவர்கள் ஒன்றைக் கற்கும் முன் அது எதற்கு என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பார் முதியோர் கல்வி பற்றி எழுதிய மால்கம் நோல்ஸ். ஆகவே "இது எங்கே உதவும்?" என்ற கேள்வியைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

போனையே பார்த்துக்கொண்டிருப்பவரிடம் தனியாகக் கேளுங்கள். குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கலாம், ஷிஃப்ட் மாறியிருக்கலாம்.

அடுத்தவரைக் கேலி செய்கிறவரிடம் மட்டும் இந்தப் பொறுமை எல்லாம் கிடையாது. இடைவேளையில் கூப்பிட்டு, யாரிடம் என்ன சொன்னார் என்பதைக் குறிப்பாகச் சொல்லி நிறுத்தச் சொல்வேன். தொடர்ந்தால் தேதியோடு எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பிவிடுவேன், ஏனென்றால் அவரால் வகுப்பை விட்டு ஓடுவது எப்போதும் அந்த அமைதியான ஆள்தான்.