அக்காவுக்குக் கிட்னி கொடுக்கும் முன் சொந்தங்களிடம் ரத்தம் கேட்டுப் போனேன்

எங்கள் குடும்பத்தில் கிட்னி நோய் அம்மா வழியில் வருவது. இரண்டு கிட்னியிலும் நீர்க்கட்டிகள் முளைத்து, வருடக்கணக்கில் மெல்லப் பெருத்து, கடைசியில் வேலையை நிறுத்திவிடும். அக்காவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்ததும் நான் கொடுக்கிறேன் என்றேன். ரத்த குரூப் பொருந்தியது. டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கு இந்த நோய் இல்லைன்னு எப்படித் தெரியும்?" என்றார்.

இந்த நோய் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. 40 வயது தாண்டியவராக இருந்தால் ஸ்கேனே சொல்லிவிடும். இரண்டு கட்டிகூட இல்லையென்றால் தப்பித்தார் என்று அர்த்தம். எனக்கு 28. ஸ்கேன் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வயதில் அதை மட்டும் நம்பி ஒரு கிட்னியை எடுத்துவிட மாட்டார்கள்.

போதாக்குறைக்கு பிரஷர் வேறு. ஓபியில் பார்த்தபோது 142/90. இந்த நோயில் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறுவதற்குப் பல வருடம் முன்பே பிரஷர் ஏறிவிடுமாம். கட்டிகள் பக்கத்து ரத்தக் குழாய்களை நெருக்க, ரத்தம் போதவில்லை என்று கிட்னி, பிரஷரை ஏற்றும் ரெனினைச் சுரக்க, உடம்பெங்கும் அழுத்தம் கூடும். அதனால் 24 மணி நேர பிரஷர் கருவியைக் கையில் கட்டி அனுப்பினார்கள். குடியாத்தம் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது பட்டை உர்ரென்று ஊதி இறுக்கும்; அந்த நேரத்தில் கையை ஆட்டக் கூடாது, கம்பியையும் பிடிக்கக் கூடாது. பக்கத்தில் நின்ற பெரியவர், "என்னப்பா, கையில பம்ப்பு?" என்று கேட்டுவிட்டு, தன் பிரஷர் மாத்திரை பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கணக்குப் பார்த்ததில் சராசரி 122/76. டாக்டரைக் கண்டால் மட்டும் ஏறுகிற பிரஷர்!

எங்கள் தெருவில் பிரஷர் இல்லாத வீடு இல்லையே, அதுவும் பரம்பரைதானா என்று கேட்டேன். அது வேறு ரகம் என்றார் டாக்டர். ஊரில் பார்க்கும் சாதாரண பிரஷருக்கு ஒரே ஜீன் காரணமில்லை. மரபணுத் தொகுப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன; பெரும்பாலும் ஒவ்வொன்றும் பிரஷரை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தாது. அதில் ஒன்று யூமாட் என்ற ஜீன். அது செய்யும் புரதம் கூடுதலாகச் சுரப்பவர்களின் கிட்னி உப்பை அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறுகாயைக் குறைத்தால் அங்கே கொஞ்சம் பலன் உண்டு. எங்கள் வீட்டு நோயோ ஒரே ஜீன், ஒரே அடி.

முதலில் அக்காவுக்குத்தான் மரபணு சோதனை. நோய் உள்ளவரிடம் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று தெரிந்தால்தான் என்னிடம் அதைத் தேட முடியும். பிகேடி1 என்ற அந்த ஜீன் 16ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதே குரோமோசோமில் அதன் பெரும்பகுதியை அப்படியே உரித்து வைத்தாற்போல் ஆறு போலி ஜீன்களும் உண்டு. அசலைப் போலியிலிருந்து பிரித்துப் படிப்பதுதான் லேபுக்குப் பெரிய வேலை.

ரிப்போர்ட் வந்தது. பிகேடி1-இல் ஒரு எழுத்து மாறியிருக்கிறது. ஆனால் அது நோய்க்குக் காரணமா இல்லையா என்று உறுதியில்லை என்று போட்டிருந்தார்கள். மரபணு ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். உலக அளவில் சேர்த்து வைத்திருக்கும் மரபணுத் தகவல்களில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அங்கே காணாத ஒரு மாற்றம் நம்மிடம் இருந்தால், அது நோயா, அல்லது நம் பக்கத்தில் சும்மா புழங்கும் வித்தியாசமா என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேர் தகவல் 2025 ஜனவரியில்தான் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. வேலூர் காந்தி ரோடு லாட்ஜ்களில் தமிழ், தெலுங்கு, வங்காளம் என்று போர்டு தொங்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, 'இந்தியர்' என்று ஒரே கட்டத்தில் எல்லோரையும் போட்டுவிட முடியுமா என்று எனக்குத் தோன்றியது.

நெட்டில் படித்துவிட்டு, கிட்னி நோயோடு சம்பந்தப்பட்ட ஏபிஓஎல்1 என்ற ஜீனுக்கும் சோதனை வேண்டுமா என்று ஆலோசகரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். அந்த ஜீனின் ஆபத்தான வடிவங்கள் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படுபவை. தூக்க நோய்க் கிருமியிலிருந்து காப்பதால் அங்கே பரவியவை. இரண்டு பிரதி வந்தால் கிட்னிக்கு ஆபத்து. நம்மிடம் அநேகமாக இல்லை.

அப்புறம் என்ன வழி? சொந்தக்காரர்கள்தான். நோய் உள்ளவர்களிடமெல்லாம் அந்த மாற்றம் இருந்து, வயதாகியும் ஸ்கேன் சுத்தமாக இருப்பவர்களிடம் இல்லாமல் போனால், அது பலமான சாட்சி. குடியாத்தத்தில் பெரிய மாமா, ஆற்காட்டில் சின்னம்மா, ஆம்பூரில் மாமாவின் மூத்த பெண் என்று கிளம்பினேன்.

கிட்னி கேட்டு வந்திருக்கிறேனோ என்று முதலில் எல்லோருக்கும் பயம். ஒரு டியூப் ரத்தம் போதும் என்று புரியவைக்கவே பாதி நாள் போய்விடும். "சொந்தத்துலயே கட்டினதாலதான் இது வந்துச்சா?" என்று அத்தை கேட்டார். இந்த வகைக்கு ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும், சொந்தத்தில் கட்டியது காரணமில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து வரவேண்டிய வேறு கிட்னி நோய்களுக்குத்தான் அந்தப் பேச்சு பொருந்தும் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. மாமாவின் சின்னப் பெண் மாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்கு வரன் பார்க்கிறார்கள். தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவளுக்கு உரிமை உண்டு என்று ஆலோசகரும் சொன்னார், நாங்கள் வற்புறுத்தவில்லை.

மாமாவிடம் இருந்தது. ஸ்கேனில் கட்டி தெரிந்த மூத்த பெண்ணிடமும் இருந்தது. 54 வயதிலும் கிட்னி சுத்தமாக உள்ள சின்னம்மாவிடம் இல்லை. என்னிடமும் இல்லை. லேப் தன் கணிப்பைத் திருத்தி, 'நோய்க்குக் காரணமாக இருக்கலாம்' என்று மாற்றிக் கொடுத்தது. எம்ஆர்ஐயிலும் எனக்கு ஒரு கட்டியும் இல்லை. அதன் பிறகுதான் இரண்டு கிட்னியும் தனித்தனியாக எவ்வளவு வடிகட்டுகிறது என்று பார்க்கும் டிடிபிஏ ஸ்கேன், தானத்துக்கு அனுமதி தரும் கமிட்டி, கையெழுத்து எல்லாம். அவை எல்லோருக்கும் உள்ளவைதான்.

ஆபரேஷன் முடிந்து அக்காவின் கிரியாட்டினின் இப்போது 1.1. ரத்தம் கொடுக்க வந்த அன்றைக்கு ஆம்பூர்காரிக்கு பிரஷர் 150ஐத் தாண்டியிருந்தது. 31 வயது, அதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இப்போது தினமும் மாத்திரை போடுகிறாள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலூர் வந்து காட்டிவிட்டுப் போகிறாள்.