ஸ்லோவேனியாவின் தேனீ வீடுகளும் ஒரு பக்வீட் வயலும்

ஸ்லோவேனியாவில் ரயிலில் போனால் சன்னலோர இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தோட்டத்து மூலையிலோ ஆப்பிள் தோப்பின் ஓரத்திலோ சின்னச் சின்ன மரக் குடில்கள் வந்துகொண்டே இருக்கும். ஓட்டுக்கூரை, பின்பக்கம் ஒரு கதவு, முன்பக்கம் முழுக்க மஞ்சளும் நீலமும் சிவப்புமாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு தேனீப் பெட்டியின் முகப்பு. இருபது, முப்பது பெட்டிகளை வரிசையாக அடுக்கி, அதற்கென்று கூரையும் சுவரும் கட்டிக் குடிவைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 21 லட்சம் பேர் வாழும் நாட்டில் தேனீ வளர்ப்பவர்கள் மட்டும் 10,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது பிழைப்பு இல்லை. ஆசிரியர், தபால்காரர், ஓய்வுபெற்றவர் என்று ஆளுக்குப் பத்துப் பெட்டி, இருபது பெட்டி வைத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் போனேன். தேன் எடுக்கும் காலம் முடிந்துவிட்டதே, இப்போது போய் என்ன பார்ப்பாய் என்று சிலர் கேட்டார்கள். நான் தேன் பார்க்கப் போகவில்லை. இந்த நாட்டு விவசாயத்துக்கும் தேனீக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ராடோவ்லியிட்சா. தலைநகர் லியுப்லியானாவிலிருந்து வடமேற்கே, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் பழைய ஊர். அங்கே ஒரு மாளிகையில் 1959 முதல் தேனீ வளர்ப்பு அருங்காட்சியகம் நடக்கிறது. அதன் பெருமை அந்தக் காலத்துப் பெட்டி முகப்புப் பலகைகள். ஒரு சாண் உயரம்கூட இல்லாத பலகையில் கிராமத்து ஓவியர்கள் வரைந்து தள்ளியிருக்கிறார்கள். கிடைத்தவற்றில் மிகப் பழையது 1758ஆம் ஆண்டைச் சேர்ந்தது, மாதா படம். புனிதர்கள் ஒருபக்கம் இருக்கட்டும், எனக்குப் பிடித்தது வேட்டைக்காரனின் சவ ஊர்வலம். மான், முயல், கரடி எல்லாம் சேர்ந்து அவனைத் தூக்கிக்கொண்டு போகின்றன, முகத்தில் துளி வருத்தம் இல்லை. பெண்ணின் நாக்கைச் சாணைக்கல்லில் தீட்டும் பிசாசும் உண்டு. அதைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியவில்லை, கூட வந்த கும்பல் சிரித்தது. தன் பெட்டியை அடையாளம் காண வளர்ப்பவருக்கு உதவும், கூடு மாறிப் போகாமல் இருக்கத் தேனீக்கும் உதவும் என்று இந்தப் படங்களுக்குக் காரணம் சொல்கிறார்கள்.

பக்கத்திலேயே பிரெஸ்னிட்சா கிராமம். அந்தோன் யான்ஷா பிறந்த ஊர். 1734 மே 20 அன்று ஞானஸ்நானம் பெற்றவர். படம் வரையக் கற்றுக்கொள்ள வியன்னா போனவரை, பேரரசி மரியா தெரேசா 1770இல் தேனீ வளர்ப்பு ஆசிரியராக நியமித்தார். அப்படியொரு அரசு வேலையில் அமர்ந்த முதல் ஆள் இவர்தான் என்கிறார்கள். 1771இல் தேனீக்கூட்டம் பிரிந்து போவதைப் பற்றி ஒரு நூல் எழுதினார், 1773இல் இறந்துபோனார். அவர் ஞானஸ்நானம் பெற்ற நாளைத்தான், ஸ்லோவேனியாவின் முயற்சியால், ஐ.நா. 2017இல் உலகத் தேனீ நாளாக அறிவித்தது. கிராமத்தில் அவர் நினைவாக ஒரு தேனீ வீடு இருக்கிறது, பின்னால் மலை. பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம்.

அங்கே ஒரு செய்தி என்னைப் பிடித்துக்கொண்டது. யான்ஷா காலத்து வளர்ப்பாளர்கள் கோடை முடிவில் பெட்டிகளை வண்டியில் ஏற்றி, தானியம்போல் சமைத்துச் சாப்பிடும் மணி தரும் பக்வீட் செடியின் வயல்களுக்குக் கொண்டுபோவார்களாம். வியன்னாவில் இருந்தபோது யான்ஷாவும் அரசுப் பெட்டிகளை அப்படித்தான் கொண்டுபோனார். பழைய பெட்டிகள் நீளமாக, தட்டையாக, ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வாகாக இருந்தது வண்டிப் பயணத்துக்கும் தோதாகத்தான் போயிற்று. பெயரில் ‘வீட்’ இருந்தாலும் பக்வீட்டுக்கும் கோதுமைக்கும் உறவே கிடையாது. மற்ற தானியம் அறுத்த நிலத்தில் ஜூலையில் விதைத்தால் ஆகஸ்ட் கடைசியில் பூத்துவிடும். அதாவது நான் போன நேரம் பூக்காலம். சரி என்று நாட்டின் மறுகோடிக்கு, ஹங்கேரி எல்லையை ஒட்டிய பிரெக்முரியேவுக்கு ரயில் ஏறினேன்.

மலை முடிந்து தரை தட்டையானது. மக்காச்சோளம், பூசணி, மறுபடியும் மக்காச்சோளம். முர்ஸ்கா சோபோட்டா நிலையத்தில் என்னை அழைத்துப் போக வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர், ஓய்வுபெற்ற மின்பணியாளர். பெயர் வேண்டாம் என்றார், வேண்டாம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே பக்வீட் வயலில் நிற்க வைத்துவிட்டார். இடுப்பளவு செடி, வெள்ளையும் லேசான இளஞ்சிவப்புமாகப் பூ, வயல் முழுக்க ரீங்காரம். இரண்டு செடிகளிலிருந்து செடிக்கொரு பூவைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றில் சூல்தண்டு நீளம், மகரந்தத் தாள்கள் குட்டை. மற்றதில் அப்படியே தலைகீழ். ஒரு செடியில் ஒரு வகைப் பூதான் இருக்கும், ஒரு வகைப் பூவின் மகரந்தம் மற்ற வகைப் பூவில் சேர்ந்தால்தான் மணி பிடிக்கும். இங்கிருந்து அங்கே யாராவது சுமந்து போக வேண்டும். என் கை மீதே ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது. உடம்பில் சாம்பல் நிற மயிர், வயிற்றில் பட்டை பட்டையாக. இதுதான் கார்னியோலன் தேனீ, இந்த நாட்டுச் சொந்த இனம். வேறு இனத்தை இங்கே வளர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.

“மதியம் வந்தால் ஒன்றையும் பார்க்க முடியாது,” என்றார். உண்மைதான். பக்வீட் பூவில் காலையில்தான் மது சுரக்கும். பன்னிரண்டு மணிக்கு மேல் வயல் அடங்கிப்போனது, தேனீ வீட்டுப் பக்கம் ஒரே கோபம். வேலை இல்லாத தேனீயின் மனநிலையை என் காது மடலில் ஒன்று விளக்கிச் சொன்னது.

அவருடைய தேனீ வீட்டுக்குள் போக, முன்னால் பறக்கும் தேனீக்கள் எதையும் தாண்ட வேண்டியதில்லை. பின்கதவைத் திறந்து இருட்டறைக்குள் நுழைந்தால் மெழுகு வாசம். நாம் பழகிய பெட்டியில் மூடியைத் தூக்கி மேலிருந்து சட்டங்களை எடுப்போம். இங்கே பெட்டியின் பின்கதவைத் திறந்து, அலமாரியிலிருந்து புத்தகம் உருவுவதுபோல் ஒவ்வொரு சட்டமாக இடுக்கியால் உருவுகிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தோன் ஷ்னிடெர்ஷிச் என்பவர் உருவாக்கிய வடிவம். ஒரு சட்டத்தில் மேல் ஓரம் மூடி போட்ட தேன், நடுவில் புழு அறைகள். இந்த பக்வீட் தேனை அவர் எடுப்பதில்லையாம், குளிர்காலத்துக்கு அவற்றுக்கே விட்டுவிடுகிறார். ஆகஸ்ட் மாதத்து வேலை, தேனீயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வாழும் வர்ரோவா உண்ணியோடு சண்டை போடுவதுதான். ஆசியத் தேனீ காலங்காலமாக அந்த உண்ணியோடு சமாளித்து வாழ்ந்துவிட்டது, ஐரோப்பியத் தேனீக்கு அந்தப் பழக்கம் இல்லை. மருந்து வைக்காமல் விட்டால் ஓரிரு வருடத்தில் கூடு காலி.

நியாயமாகச் சொல்ல வேண்டும். ஸ்லோவேனிய விவசாயம் முழுக்கத் தேனீயை நம்பி இருக்கிறது என்றெல்லாம் இல்லை. பாதிக்கு மேல் காடு, விளைநிலத்திலும் பெரும்பகுதி புல்வெளி. மக்காச்சோளத்துக்கும் கோதுமைக்கும் தேனீ தேவையே இல்லை. மகரந்தம் சுமக்க 500க்கும் மேற்பட்ட காட்டுத் தேனீ இனங்களும் இருக்கின்றன. ஆனால் ஆப்பிள், பேரி, செர்ரி, பக்வீட், மாட்டுக்குப் போடும் தீவனப் பயிரான க்ளோவரின் விதை, இந்தப் பக்கத்து எண்ணெய்ப் பூசணி, இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்தால் கதை வேறு. பூசணியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. மகரந்தம் கனமாக, பிசுபிசுப்பாக இருக்கும், காற்றால் நகராது. பூவும் காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் பூச்சி வராவிட்டால் காய் பிடிக்காது, அரைகுறையாக வந்தால் கோணல் காய். பச்சை கலந்த கறுப்பில் அந்த விதை எண்ணெயைச் சாலட்டில் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். முதல் வாயில் எனக்கு ஒட்டவில்லை, மூன்றாவது வேளையில் நானே கேட்டு வாங்கினேன்.

கலிஃபோர்னியாவில் பாதாம் பூக்கும்போது நாடு முழுவதிலுமிருந்து லாரி லாரியாகப் பெட்டிகளை வாடகைக்கு வரவழைக்கிறார்கள். இங்கேயும் லாரியில் பெட்டி போகிறது, ஆனால் அகேசியா, செஸ்ட்நட் என்று மரங்கள் பூக்கும் இடத்துக்குத் தேன் தேடித்தான். மகரந்தச் சேர்க்கைக்கென்று யாரும் பெரிதாக வாடகை பேசுவதாகத் தெரியவில்லை. பேச வேண்டிய தேவை இல்லை, ஊருக்கு ஊர் பெட்டி இருக்கிறது. அதனாலேயே அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பது பெரியவரின் குறை. தேனுக்குத்தான் விலை, மற்றது சும்மா வருவதாக நினைக்கிறார்கள் என்றார்.

2011 வசந்தத்தில் இந்த வட்டாரத்தில்தான் தேனீக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. மக்காச்சோள விதையில் பூசியிருந்த நியோனிகோட்டினாய்டு என்ற வகைப் பூச்சிமருந்து, விதைக்கும் இயந்திரத்தில் தூளாகிப் பக்கத்துப் பூக்களில் படிந்துவிட்டது. “வாசலில் குவித்து வாரினோம்,” என்றவர் அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த ஆண்டே அரசு அந்த விதைப்பூச்சுக்குத் தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இந்த வகையில் மூன்று மருந்துகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்து, 2018இல் திறந்த வெளியில் அவற்றை முழுதாகத் தடுத்தது. சின்ன நாடு முந்திக்கொண்டதற்கு, வளர்ப்பவர்கள் எல்லா ஊரிலும் இருப்பதும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். வீட்டுக்கு வீடு தெரிந்த ஆள் ஒருவர் பெட்டி வைத்திருக்கும்போது எந்த அமைச்சரும் காது கேட்காத மாதிரி நடிக்க முடியாது.

அன்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு போன். பக்கத்து ஆப்பிள் தோப்புக்காரர், நாளைக்கு மருந்தடிக்க வேண்டுமாம். இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள், நடுநடுவே குரல் உயர்ந்தது. மரத்தடியில் பூத்திருக்கும் க்ளோவரை முதலில் வெட்டுவது, நன்றாக இருட்டிய பிறகே தெளிப்பது என்று முடிவானது. போனை வைத்துவிட்டு ரொட்டியை எடுத்தார். “என்கிட்ட ஒரு பாட்டில் தேன்கூட வாங்கியதில்லை, கசக்கிறதாம்,” என்றார். “ஆனால் ஏப்ரல் பிறந்தால் போதும், இந்த வருடம் எத்தனை கூடு பிழைத்தது என்று முதலில் வந்து கேட்கிற ஆள் அவர்தான்.”