கண் மேலே, வாய் கீழே

காசிமேட்டில் இன்று காலை மீன்கார அக்கா ஒரு திருக்கையைப் புரட்டிப் போட்டார்.

"கண்ணு மேல, வாயி கீழ. தின்றத அதால பாக்கவே முடியாது தம்பி."

உண்மைதான். வாயைச் சுற்றி ஊசி குத்தியதுபோல் சிறு துளைகள். மணலுக்குள் ஒளிந்த நண்டின் மெல்லிய மின்புலத்தை அவைதான் உணர்கின்றன.

வீட்டு பால்கனியில் மகள் வளர்க்கும் வீனஸ் பூச்சிப்பொறி என்ற பூச்சி தின்னும் செடி நினைவுக்கு வந்தது. அதற்குக் கண்ணே கிடையாது. பூச்சி இலைமுடியை ஒருமுறை தொட்டால் சும்மா இருக்கும். சுமார் 20 வினாடிக்குள் மறுபடி தொட்டால் இலையில் மின்துடிப்பு ஓடி, டப்பென்று மூடிக்கொள்ளும்.

(அமெரிக்காவின் கரோலினா சதுப்புநிலச் செடி. சென்னை வெயிலில் பாவம், இரண்டு பொறி கருகிவிட்டது.)

ஒன்று தேடிப் போகிறது, ஒன்று காத்திருக்கிறது. இரண்டுக்கும் சேதி மின்சாரத்தில்தான்.

"புட்டுக்கா, கொழம்புக்கா?" அக்கா இரண்டாம் முறை கேட்டபோதுதான் வாய் திறந்தேன்.