ஃப்ளூரி மாடல்: ஆறாவது வாரம்

முதல் உலகப் போரில் அழிந்த ஃப்ளூரி என்ற பிரெஞ்சுக் கிராமத்தின் நிலத்தை, அட்டைகளை அடுக்கி மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன். பதினைந்து அட்டைகளில் பதினொன்றை வெட்டி ஒட்டியாயிற்று. மூன்றாவதை மட்டும் இரண்டு தடவை வெட்ட வேண்டி வந்தது. அந்தக் கதைதான் இந்த வாரம்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முழுப்பெயர் ஃப்ளூரி-துவான்-துவோமோன், அதாவது துவோமோனுக்கு முன்னால் இருக்கும் ஃப்ளூரி. வடகிழக்கு பிரான்சில், வெர்டன் நகரத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மியூஸ் ஆற்றுக்குக் கிழக்கே உள்ள சுண்ணாம்புக்கல் மேட்டில் இருந்த கிராமம். விவசாயம், மரவேலை என்று பிழைத்தவர்கள். 1913-ல் 422 பேர். இன்றைக்கு ஒருவரும் இல்லை. ஆனாலும் அரசுக் கணக்கில் அது ஓர் ஊர்தான்: மூன்று பேர் கொண்ட நியமனக் குழு உண்டு, அதன் தலைவருக்கு மேயரின் அதிகாரமும் உண்டு.

அட்டையை அடுக்கும்போதுதான் இந்த நிலத்தின் வில்லங்கம் கைக்குப் புரிந்தது. வடக்கே துவோமோன் மேடு, தெற்கே சூவில் மேடு, இரண்டையும் சேர்க்கும் முதுகில் ஃப்ளூரி. இரண்டு மேட்டிலும் கோட்டை. 1871-ல் அல்சாசும் லொரேனில் ஒரு பகுதியும் ஜெர்மனிக்குப் போய்விட, எல்லை கிட்டே வந்துவிட்டது; அதற்குப் பிறகு பிரான்ஸ் கட்டியவை இந்தக் கோட்டைகள். 1916 பிப்ரவரி 21-ல் வெர்டன் சண்டை தொடங்கியது, ஊரைக் காலி செய்தார்கள். 25-ம் தேதி துவோமோன் கோட்டை ஜெர்மானியர் கைக்குப் போனது. அங்கிருந்து வெர்டனை எட்டிப் பார்க்க சூவில் வேண்டும், சூவிலுக்கு இந்த முதுகு வேண்டும். ஜூன் 23-ல் ஃப்ளூரிக்குள் வந்தார்கள். ஆகஸ்ட் 18-ல் பிரெஞ்சுப் படை மீட்டது. இடையில் 16 முறை ஊர் கைமாறியது என்று சொல்வார்கள். மீட்டது எதை என்றுதான் தெரியவில்லை. செங்கல் மேல் செங்கல் மிஞ்சவில்லை.

சரி, மாடலுக்கு வருவோம். அளவு 1:2000. அட்டை 2 மி.மீ. என்பதால் ஓர் அடுக்கு 4 மீட்டர் உயரம். பிரெஞ்சு வரைபட நிறுவனமான ஐஜிஎன், லேசர் அளவீட்டுத் தரவை இலவசமாகவே தருகிறது. ஊர் இருந்த இடம் இப்போது மரங்கள் அடர்ந்த பகுதி என்றாலும், இலைகளுக்கு இடையே புகுந்து தரையைத் தொட்ட கதிர்களை மட்டும் பிரித்தெடுத்தால் நிலத்தின் உருவம் கிடைத்துவிடும். இறக்கி, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டு, சமஉயரக் கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு; அதன்படிதான் அட்டையை வெட்ட வேண்டும்) வரையச் சொன்னேன்.

வந்தது கோடே இல்லை. கரையான் அரித்த ஓலை மாதிரி ஒன்று. பிழையான கோப்பை இறக்கிவிட்டேனோ என்று மறுபடி இறக்கினேன். அதேதான். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் உறைத்தது: அத்தனையும் குண்டு விழுந்த பள்ளங்கள். நூறு வருஷத்துக்கு மேலாகியும் ஒரு முழம்கூடச் சமதரை இல்லை. இருந்தும் வீம்புக்கு மூன்றாவது அட்டையை அந்தக் கோட்டின்படியே வெட்டினேன். இரண்டு பிளேடு போனது, அட்டை கிழிந்தது.

அடுத்து, கோடுகளை மென்மையாக்கும் வடிகட்டியைப் போட்டேன். 25 மீட்டர் அளவுக்குப் போட்டதும் எல்லாம் வழவழவென்று, மலைவாசஸ்தல விளம்பரம் போல ஆகிவிட்டது. சாலையின் கரைகூடக் காணோம். 1913-ன் நிலம் என்று சொல்லவும் முடியாது, இன்றைய நிலம் என்று சொல்லவும் முடியாது. நான் முதலில் நினைத்திருந்தது ஓட்டு வீடுகளோடு 1913-ன் தெருவைக் கட்டுவது. அந்த வீடுகள் நிற்க வேண்டிய தரையே இன்று இல்லை என்றபோது அந்த ஆசையை விட்டேன்.

இப்போது செய்வது இப்படி. அடியில் மென்மையான அடுக்குகள். மேலே நியூஸ்பேப்பர் கூழும் பசையும் கலந்து 3 மி.மீ. பூச்சு. ஈரம் காய்வதற்குள் தீக்குச்சித் தலையால் குத்துகிறேன். இந்த அளவில் ஒரு குத்து கிட்டத்தட்ட 5 மீட்டர் பள்ளம். பால்பாயின்ட் முனை சின்னதுக்கு. ஓரத்தில் ஒரு கை அகலம் முடிக்கவே ஒரு மாலை போயிற்று. வரிசையாகக் குத்தினால் இட்லித் தட்டு மாதிரி தெரிகிறது, அதனால் கண்ணை வேறெங்காவது வைத்துக்கொண்டு குத்துவதே நல்லது.

பழைய தெருவை எங்கே வைப்பது என்பது அடுத்த தலைவலி. போருக்கு முந்தைய மேப்பை இன்றைய நிலத்தோடு பொருத்த, இரண்டிலும் உள்ள புள்ளிகள் வேண்டும். இரண்டே இரண்டு கிடைத்தன. பழைய தேவாலயம் இருந்த இடத்தில் 1979-ல் ஒரு சிற்றாலயம் கட்டியிருக்கிறார்கள். பழைய ரயில் நிலையம் இருந்த இடத்தில் 1967-ல் திறந்த வெர்டன் நினைவு அருங்காட்சியகம் நிற்கிறது. நகர்த்த, திருப்ப, அளவு மாற்ற இரண்டு புள்ளி போதும். சரிபார்க்க மூன்றாவது ஒன்று இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த இடத்திலேயே, இங்கே பேக்கரி, இங்கே பள்ளி என்று குறிக்கும் சின்னச் சின்னக் கற்கள் நட்டிருக்கிறார்கள். அதையே பின்பற்றி, வீடுகளுக்குப் பதில் குண்டூசி வைக்கிறேன். சிற்றாலயம் மட்டும் மரக்கட்டையில்.

நேற்று முதல் ஊசி, பேக்கரி. சரியாக ஒரு பள்ளத்தின் சரிவில் போய் விழுந்தது. கூழ் இளகி ஊசி சாய்ந்துகொண்டே இருந்தது. ஃபெவிகால் வைத்து, துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்துவிட்டு வந்திருக்கிறேன்.