நடுவில்லில் நடுக்கம் நின்றது: வலக்கைக் கட்டைவிரல் பற்றி

வயலினில் மத்திய ஸட்ஜம் (நடு ஸ்தாயி 'ஸ'), ஒரே வில் இழுப்பு, ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று). ஃபிராக்கில் (வில்லைக் கை பிடிக்கும் முனை) ஆரம்பித்து நுனிவரை நடுங்காமல் வந்துவிட்டது. ஏதோ ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் வந்ததில்லை. இப்போது தினமும் வருகிறது. ஃபோனில் பதிவு செய்து ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன். வில் பாதி தாண்டும் இடத்தில் எப்போதும் வந்து கழுத்தறுக்கும் அந்த அதிர்வு எங்கேயும் இல்லை. இதற்காக எவ்வளவு காலம் ஆரம்பப் பாடமான சரளி வரிசையிலேயே உட்கார்ந்திருந்தேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்கம்பக்கத்திலும் தெரியும். அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், நடுக்கம் ஏன் நடுவில்லில் வருகிறது? ஒரு முழு அளவு வில் ஏறக்குறைய 60 கிராம் எடை, முக்கால் மீட்டர் நீளம். அதன் சமநிலைப் புள்ளி நடுவில் இல்லை. ஃபிராக் பக்கமாக, மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிறது. ஃபிராக் அருகே வாசிக்கும்போது வில்லின் எடை தந்தியில் அதிகமாக விழும். அதைக் கொஞ்சம் தாங்கிக்கொள்வது சுண்டுவிரல். நுனிக்குப் போகப் போக எடை போதாமல் ஆகும். அங்கே ஆள்காட்டி விரல் மேலிருந்து சாய்ந்து எடை கொடுக்க வேண்டும். அதாவது ஒரே இழுப்புக்குள் சுண்டுவிரலிலிருந்து ஆள்காட்டிக்கு வேலை கைமாறுகிறது. அந்தக் கைமாற்றம் நடப்பது நடுவில். அதே நடுப்பகுதியில்தான் குச்சியின் துள்ளலும் அதிகம். மேற்கத்திய இசைக்காரர்கள் வில்லைத் துள்ளவைத்து வாசிக்கத் தேர்ந்தெடுப்பதும் ஏறக்குறைய அந்த இடத்தைத்தான். விரல்கள் விறைத்துப்போய் இருந்தால் கைமாற்றம் நடக்காது, துள்ளலையும் எதுவும் வாங்கிக்கொள்ளாது. அப்புறம் நடுங்காமல் என்ன செய்யும்?

ஆனால் விரல் ஏன் விறைக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்ட கேள்வி. "ரிலாக்ஸ் பண்ணுங்க" என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். அந்த வீடியோக்கள் நின்றுகொண்டு வயலினைத் தோளில் கிடைமட்டமாக வைத்து வாசிப்பவர்களுக்கானவை. கர்நாடக இசை வாசிக்கும் நாம் உட்காருவது தரையில். வயலினின் தலை வலது கணுக்கால் மேல். கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்த பாலுஸ்வாமி தீக்ஷிதர் காலத்தில் நம்மிடம் வந்த வாத்தியம் கீழே உட்கார்ந்ததும் ஒரு பெரிய மாற்றம் நடந்தது: தந்திகள் சரிவாகிவிட்டன. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் மேலே, விரல்பலகை கீழே. வில்லைச் சும்மா தந்தியில் வைத்து விட்டால் அது விரல்பலகைப் பக்கமாக வழுக்கிக்கொண்டே போகும். அதைத் தடுக்க வலக்கை தானாகவே வில்லை இறுக்கிப் பிடிக்கும். இறுக்கம் ஆரம்பிக்கிற இடம் இதுதான் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். விரலைத் தளர்த்து என்று விரலிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. சரிவைக் குறைக்க வேண்டும்.

கணுக்காலுக்கு அடியில் ஒரு துண்டை நாலாக மடித்து வைத்தேன். தலைப்பகுதி கொஞ்சம் உயர்ந்தது, சரிவு குறைந்தது, வில் வழுக்குவதும் குறைந்தது. எவ்வளவு உயரம் என்பது அவரவர் கால் நீளத்தைப் பொறுத்தது. ரொம்ப ஏற்றினால் முழங்காலும் சேர்ந்து ஏறி, முதல் தந்தியில் வாசிக்கும்போது வலக்கை முழங்காலில் இடிக்கும். துண்டு வைத்த பிறகு மீதி இருக்கிற வழுக்கலைச் சமாளிப்பது முழங்கையின் வேலை. வில் பிரிட்ஜுக்கு இணையாகப் போகிறதா என்று நிலைக்கண்ணாடி முன் உட்கார்ந்து பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிடும். விரலுக்கு இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது.

இன்னொன்று சுருதி. எனக்கு 2 கட்டை (ஆதார ஸட்ஜம் மேற்கத்திய டி). அதாவது மேற்கத்திய முறையில் ஏ-வுக்குக் கட்டும் தந்தி எனக்கு டி-க்கு இறங்கி நிற்கிறது. தந்தி அவ்வளவு தளர்வு. அழுத்தினால் நாதம் கிழியும், சுருதியும் விலகும். 5 கட்டையில் (ஜி) வாசிக்கிறவர்களுக்குத் தந்தி விறைப்பாக இருப்பதால் கொஞ்சம் அழுத்தினாலும் தாங்கும். கீழ்ச் சுருதிக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கை தளர்வாக இல்லாவிட்டால் அது உடனே காதில் விழுந்துவிடும்.

இப்போது கட்டைவிரலுக்கு வருகிறேன். எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

வில்லைப் பிடித்தபடியே, இடக்கையால் வலக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே இருக்கும் சதையை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் பிடி சரி. கல் மாதிரி இருந்தால் கட்டைவிரல் நேராக நீண்டு பூட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கட்டைவிரலின் முட்டி வெளிப்பக்கமாகப் புடைத்து வளைந்திருக்க வேண்டும். விரலின் நடுப்பஞ்சு குச்சியில் படக் கூடாது. நகத்தை ஒட்டிய ஓரம், அதிலும் சுட்டுவிரல் பக்கத்து ஓரம், அதுதான் பட வேண்டும். அது படும் இடம் ஃபிராக்கின் மூக்கும் குச்சியும் சந்திக்கும் மூலை. அதற்கு நேர் எதிரே நடுவிரல். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு வளையம். மற்ற மூன்று விரலும் வளையத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். சாதத்தைப் பிசைந்து அள்ளும்போது விரல்கள் தானாக எப்படி வளைகின்றனவோ அந்த வளைவு போதும்.

வயலின் சொல்லிக்கொடுக்கும் ஸார் இதைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்: "வில்லத் தந்தி தாங்கிக்கும்ப்பா. நீ எதுக்குத் தாங்கிண்டிருக்கே?" வில்லைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏற்கனவே தந்தி மேல் உட்கார்ந்திருக்கிறது. விழுந்துவிடும் என்கிற பயம் கைக்கு மட்டும்தான். அந்தப் பயத்தை எடுப்பதற்கு அவர் கொடுத்த பயிற்சியில் சத்தமே கிடையாது. வில்லின் நடுவை ஸட்ஜத் தந்தியில் வைக்க வேண்டும். இழுக்கக் கூடாது. ஆள்காட்டியைத் தூக்கி வை. அடுத்து மோதிரவிரல். அடுத்து சுண்டுவிரல். ஒவ்வொன்றையும் தூக்கும்போது வில் அசையக் கூடாது. கடைசியில் கட்டைவிரலை மட்டும் மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி. பிறகு இதையே ஃபிராக்குக்கு அருகில், பிறகு நுனியில்.

இதில் சுண்டுவிரல் தூக்குவது ஃபிராக் அருகே கஷ்டம், ஆள்காட்டி தூக்குவது நுனியில் கஷ்டம். எந்த இடத்தில் எந்த விரலுக்கு வேலை என்பதைக் கை தானாகக் கற்றுக்கொள்கிறது. பிறகு அதே பயிற்சியை இழுத்துக்கொண்டே செய்ய வேண்டும். நீண்ட ஸட்ஜம் போய்க்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் முட்டியை மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். அசைகிறது என்றால் அது பூட்டிக்கொள்ளவில்லை. எனக்கு நடுக்கம் நின்றது இந்தக் கட்டத்தில்தான். கட்டைவிரல் அசைந்துகொண்டிருக்கும்போது நடுக்கம் வரவே மாட்டேன் என்கிறது! இப்போது அசைப்பதை நிறுத்திவிட்டேன், ஆனாலும் நாதம் நேராக நிற்கிறது.

தோளையும் பார்க்க வேண்டும். வலது தோள் காதை நோக்கி ஏறினால் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது. வில் போடுவதற்கு முன் ஒரு முறை மூச்சை விட்டுத் தோளை இறக்கிக்கொண்டால் போதும்.

கருவி விஷயத்தில் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். ஆரம்ப வயலின் வாங்கும்போது பெட்டியோடு வரும் வில்லில் ஃபிராக்கின் அந்த மூலை கத்திபோலக் கூர்மையாக இருக்கிறது. கட்டைவிரல் சரியான இடத்தில் பட்டால் நகத்தோரம் வெட்டுகிறது. வலிக்கிறது என்று விரல் தானாக உள்ளே தள்ளிப்போய் நேராக நீண்டு பூட்டிக்கொள்கிறது. கற்றுக்கொள்பவர் கையில் கொடுக்கும் பொருளில் இவ்வளவு அலட்சியம் கூடாது. தேய்க்கத் தெரிந்தவர்கள் மெல்லிய உப்புத்தாளால் மூலையை மழுக்கிவிடுகிறார்கள். நான் மெடிக்கல் ஷாப்பில் மெல்லிய ரப்பர் டியூப் வாங்கி, கட்டைவிரல் அகலத்துக்கு நறுக்கி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு அந்த இடத்தில் மாட்டினேன். வழுக்கலும் போனது, வெட்டும் போனது. ரப்பர் இருப்பதால் பிடி தானாகத் தளர்ந்தது, ஏனென்றால் வியர்வையிலும் விரல் நழுவுவதில்லை. திருச்சி வெயிலில் இது சின்ன விஷயமில்லை. பென்சிலில் குழந்தைகள் மாட்டும் ரப்பர் பிடியும் நன்றாக இருக்கிறது, ஆனால் அது தடிமன். விரலுக்குக் குச்சி தெரியாமல் போகிறது.

வில்லில் கட்டியிருக்கும் முடியின் இறுக்கமும் நடுக்கத்தில் பங்கு வகிக்கிறது. முடியை இறுக்கும் திருகாணியை அளவுக்கு மீறித் திருகினால் வில் விறைத்துத் துள்ளும். குச்சிக்கும் முடிக்கும் நடுவே, வில்லின் நடுப்பகுதியில், ஒரு பென்சில் நுழையும் இடைவெளி போதும். மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கிக் குதிரைமுடி நீண்டுவிடும், கூட ஒரு சுற்று வேண்டியிருக்கும். ஏசி அறைக்குப் போனால் சுருங்கும். வாசித்து முடித்ததும் தளர்த்தாமல் பெட்டியில் வைத்தால் குச்சி வளைந்துபோகும். கமகத்துக்காக (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதற்காக) இடக்கை விரலில் எண்ணெய் தொட்டுக்கொள்கிறவர்கள் அந்தக் கையால் முடியைத் தொட்டுவிடாதீர்கள். எண்ணெய் பட்ட இடத்தில் ரோசின் (முடிக்குப் பிடிப்புக் கொடுக்கும் பிசின்) ஒட்டாது, அந்த இடம் வரும்போதெல்லாம் வில் வழுக்கும்.

முடி மாற்ற வேண்டிய நேரம் எனக்கும் வந்துவிட்டது. உள்ளூரில் மாற்றுபவர் நன்றாகத்தான் செய்கிறார், ஆனால் முடி வரும்வரை காத்திருக்கச் சொல்கிறார். இதற்கிடையில் புது வில்லே வாங்கிவிடலாமா என்றும் ஒரு யோசனை. பெர்னாம்புகோ மர வில்லெல்லாம் நம் கைக்கு எட்டாது. பிரேசிலில் அந்த மரம் அருகிப்போய், 2007 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. கார்பன் ஃபைபர் வில் ஒன்றை நண்பரிடம் வாங்கிப் பார்த்தேன். வெயிலுக்கும் மழைக்கும் அசையாமல் இருக்கிறது, எடையும் சரி. நாதம் மட்டும் கொஞ்சம் வெளிறிப்போய் இருப்பதாக எனக்குப் பட்டது. தளர்ந்த தந்தியில் அதை இன்னும் கொஞ்ச நாள் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன்.

பயிற்சிக்கு நடுவே நான் கேட்டுக்கொண்டிருந்தது வயலின் மேதைகளான துவாரம் வெங்கடசுவாமி நாயுடுவையும் (1893–1964) டி.என். கிருஷ்ணனையும் (1928–2020). வில்லை நீளமாக இழுத்து ஒரு ஸ்வரத்தை நிறுத்தும் அழகுக்கு இவர்களை விட்டால் எனக்கு வேறு பாடம் வேண்டாம். இன்னொரு வயலின் மேதை எம்.எஸ். கோபாலகிருஷ்ணனின் வீடியோக்கள் கிடைத்தால் சத்தத்தை நிறுத்திவிட்டு வலது மணிக்கட்டை மட்டும் பாருங்கள். அதிவேகப் பிருகாவிலும் (ஸ்வரங்கள் வேகமாக உருளும் இடம்) அந்தக் கையில் அவசரம் தெரியாது.

அடுத்த கட்டம் ஏற்கனவே தொடங்கிவிட்டது, அங்கே நிலைமை இன்னும் சரியாகவில்லை. வெறும் ஸட்ஜத்தில் நேராக நிற்கும் வில், இடக்கை தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை அசைக்க ஆரம்பித்ததும் கூடவே அசைகிறது. இடக்கையின் வேகம் வலக்கைக்குத் தொற்றுகிறது. அதற்கு இப்போது செய்வது: இடக்கை மட்டும் காந்தாரத்தை அசைத்துக்கொண்டிருக்கும், வில் தந்தியில் சும்மா இருக்கும். பிறகு அசைவை நிறுத்தாமல் வில்லை மட்டும் நகர்த்துவது. ஃபிராக் பக்கத்துப் பாதியில் வந்துவிட்டது, நுனிப் பக்கத்துப் பாதி பாக்கி.

ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாக வரும் ஜண்டை வரிசையிலும் வேலை இருக்கிறது. இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் கொடுக்க வேண்டும், அது ஆள்காட்டியின் வேலை. மூன்றாம் காலத்தில் (மூன்றாவது வேகம்) அந்த அழுத்தத்தோடு கட்டைவிரலும் சேர்ந்து பூட்டிக்கொள்கிறது. அழுத்திய உடனே விட வேண்டும், அடுத்த ஜோடிக்குள் சதை மெத்தென்று ஆகிவிட வேண்டும். இரண்டாம் காலத்தில் அது நடக்கிறது. மாயாமாளவகௌளை ராகத்தில் மட்டுமே வைத்துக்கொண்டு, மெட்ரோனோமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போகிறேன். மூன்றாம் காலத்திலும் அது நடக்கும்வரை ரப்பர் டியூபைக் கழற்றப் போவதில்லை.