பகலில் 58, இரவில் 62

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடையில் உள்ள ஒரு நூற்பாலையில் மின்பராமரிப்புப் பிரிவைக் கவனித்து வருகிறேன். பஞ்சு இழையை முறுக்கி நூலாக்கும் எங்கள் ரிங் பிரேம் கூடத்தின் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டை, அதாவது மின்விசிறி, நீர்தெளிப்புப் பம்பு, காற்றுவழியைத் திறந்து மூடும் டேம்பர் ஆகியவற்றைக் கூட்டிக் குறைத்துக் காற்றின் ஈரப்பதத்தை ஒரே அளவில் நிறுத்தும் அமைப்பை, 2008 முதல் பிஎல்சி என்ற தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று இயக்கி வருகிறது. அதன் அளவுகளைத் திரையில் காட்டும் ஸ்கேடா மென்பொருளும், பிஎல்சிக்குள் இருக்கும் புரோகிராமைத் திருத்துவதற்கான மென்பொருளும் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஒரே கணினியில் இருந்தன. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுபோனது எங்களுக்குத் தெரியாததல்ல. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதில் கை வைப்பானேன் என்று பதினோரு ஆண்டுகள் தள்ளிப்போட்டோம்.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அந்தக் கணினி தானாகவே அணைந்து எழத் தொடங்கியது. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது மதர்போர்டில் நான்கு கெப்பாசிட்டர்கள் தலை உப்பி, ஒன்றின் உச்சியில் பழுப்பு நிறக் கசிவு காய்ந்து கிடந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிவதால், புதிதாக வாங்கினால் விண்டோஸ் 11 போட்டதையே வாங்குவது என்று அலுவலகத்தில் முடிவானது. மில்லுக்குத் தீபாவளி விடுமுறை விட்டுத் தொழிலாளர்கள் ஊருக்குப் போயிருக்கும் நாட்களுக்குள் வேலையை முடித்துத் தருவதாக நானும் ஒப்புக்கொண்டேன்.

புதுக் கணினியைத் தொடுவதற்கு முன்பாக இரண்டு வேலைகளைச் செய்தேன். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் முழுப் பிம்பமாக எடுத்துவைத்தது முதலாவது. கோப்புகளை மட்டும் நகலெடுத்திருந்தால் பின்னால் மாட்டிக்கொண்டிருப்பேன். பிஎல்சியிலிருந்து புரோகிராமைத் திரும்ப எடுக்க முடியும் என்றாலும், எங்களுடைய பழைய மாடலில் அப்படி எடுத்தால் உள்ளீடுகளுக்கு வைத்த பெயர்களோ விளக்கக் குறிப்புகளோ வருவதில்லை. எந்த எண் எந்த டேம்பரைக் குறிக்கிறது என்பது மூலக் கோப்பில் மட்டுமே இருந்தது. இரண்டாவது வேலை பிஎல்சியின் லித்தியம் பேட்டரியை மாற்றியது. புரோகிராம் அந்த பேட்டரியின் தயவில்தான் நினைவகத்தில் நிற்கிறது. எங்கள் மூத்த பிட்டர் அருகில் நின்று, “தம்பி, பேட்டரியக் கழட்டறப்ப பவர நிறுத்திப்போடாதீங்க” என்று மூன்று முறை சொன்னார். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியை மாற்றி, அதன் மேல் தேதியை எழுதி ஒட்டினோம்.

அடுத்து, புரோகிராமிங் மென்பொருளின் குறுந்தகட்டைப் புதுக் கணினியில் போட்டேன். இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது என்ற ஒற்றை வரியோடு விண்டோஸ் கைவிரித்துவிட்டது. மென்பொருள் என்னவோ 32 பிட் வகைதான். அதை நிறுவித்தரும் செட்டப் நிரல் மட்டும் அதற்கும் முந்தைய 16 பிட் காலத்தது. 64 பிட் விண்டோஸ் எதிலும் 16 பிட் நிரல் ஓடாது, விண்டோஸ் 11-க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. எனவே பழைய விண்டோஸைப் போல நடந்துகொள்ளவைக்கும் கம்பாட்டிபிளிட்டி மோடில் எக்ஸ்பி என்று தேர்ந்தெடுத்தும் பயனில்லை. அதில் அரை நாளை வீணாக்கிய பிறகே எனக்கு இது உறைத்தது.

ஆகவே இரண்டையும் பிரித்தேன். ஆண்டுக்கு இரண்டொரு முறை மட்டுமே தேவைப்படும் புரோகிராமிங் மென்பொருளை, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் ஒரு மெய்நிகர் எக்ஸ்பி கணினியை அமைத்து அதில் நிறுவினேன். எக்ஸ்பியின் நிறுவல் தகட்டில் சாட்டா என்ற புதுவகை டிஸ்க் இணைப்புக்கான டிரைவர் இல்லாததால், மெய்நிகர் டிஸ்க்கைப் பழைய ஐடிஇ வகையாக அமைத்தால்தான் அது டிஸ்க்கைக் கண்டுகொள்கிறது. அந்த எக்ஸ்பிக்கு நெட்வொர்க் இணைப்பை முற்றிலும் துண்டித்துவிட்டேன். நாள் முழுவதும் ஓட வேண்டிய ஸ்கேடாவுக்கு 32 பிட் செட்டப்புடன் வந்த பிந்தைய பதிப்பு எங்களிடம் இருந்ததால், அதை நேராக விண்டோஸ் 11-இலேயே நிறுவ முடிந்தது.

பிறகு கேபிள். பழைய கணினியில் ஒன்பது ஊசி சீரியல் போர்ட் இருந்தது, புதியதில் யுஎஸ்பி மட்டுமே. கையில் கிடந்த மலிவான யுஎஸ்பி-சீரியல் மாற்றியைச் செருகினால், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் கோடு 10 என்ற பிழையும் வந்தன. அதிலிருந்தது போலிச் சிப்போ பழைய சிப்போ, புது டிரைவர் அதை ஏற்க மறுத்தது. கோவை போய் எஃப்டிடிஐ நிறுவனச் சிப் உள்ள மாற்றிகள் இரண்டை வாங்கி வந்தேன், புரோகிராமிங் போர்ட்டுக்கு ஒன்றும், ஸ்கேடா பிஎல்சியோடு பேசும் மாட்பஸ் இணைப்புக்கு ஒன்றுமாக. விண்டோஸ் அவற்றுக்கு காம் 7, காம் 8 என்று போர்ட் எண் கொடுத்தது. ஸ்கேடாவோ காம் 4-க்கு மேல் எண்ணத் தெரியாத தலைமுறையைச் சேர்ந்தது என்பதால், டிவைஸ் மேனேஜரில் போர்ட் செட்டிங்ஸின் அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போய் எண்ணைக் கையால் மாற்றினேன். அதே பக்கத்தில், வந்த தரவை மாற்றி எவ்வளவு நேரம் தேக்கிவைக்கலாம் என்பதைக் குறிக்கும் லேட்டன்சி டைமர் என்ற அமைப்பு வழக்கமான 16 மில்லிநொடியில் இருந்தது. அதை 1 ஆக்கும்வரை திரையில் அளவுகள் விட்டுவிட்டு மறைந்துகொண்டிருந்தன. ஆக்கிய பின் நிலைத்துவிட்டன. 9600 வேகம், 8 பிட், ஈவன் பேரிட்டி, 1 ஸ்டாப் பிட் என்ற பழைய தொடர்பு அமைப்புகளில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

விடுமுறை முடிந்து மில் ஓடத் தொடங்கியது. பகல் ஷிப்டில் எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் அதிகாலையில் இரவு ஷிப்ட் சூப்பர்வைசர் தொலைபேசியில் அழைத்து, “ஏனுங்க சார், பகல்ல 58 வெச்சிருக்கறதா எழுதி வெச்சிருக்காங்க, இங்க பாத்தா 62 காட்டுதுங்க. ரோலர்ல லேப்பிங் வேற நெறைய விழுகுதுங்க” என்றார். ரிங் பிரேம் கூடத்தில் 55 முதல் 60 சதவீத ஈரப்பதம் இருந்தால்தான் எங்களுக்கு வேலை ஓடும். ஏறினால் பஞ்சு ரோலரில் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும் (அதுதான் லேப்பிங்), இறங்கினால் நிலைமின்சாரத்தால் இழை சிலிர்த்து அறுபடும். நேரில் போய் 58 என்று வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் இரவும் இரண்டு ஷிப்டுக்கும் இரண்டு கணக்காகவே இருந்தது.

பிஎல்சியைச் சந்தேகித்தேன், கேபிளைச் சந்தேகித்தேன், யாரோ வேண்டுமென்றே மாற்றுகிறார்களோ என்றுகூட நினைத்தேன் என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஸ்கேடா, ஷிப்டுக்கான செட் பாயின்ட்டுகளை, அதாவது நிறுத்த வேண்டிய ஈரப்பத அளவுகளை, தன் நிறுவல் கோப்புறையில் உள்ள ஒரு சிறு கோப்பில் எழுதிவைத்து, திறக்கும்போது அதிலிருந்து படித்து பிஎல்சிக்கு அனுப்புகிறது. எக்ஸ்பியில் எல்லோரும் ஒரே அட்மின் கணக்கில்தான் நுழைந்தார்கள். புதுக் கணினியில் ஒழுங்காகச் செய்வதாக எண்ணி, பகலுக்கும் இரவுக்கும் சாதாரண அனுமதியுள்ள தனித்தனி லாகின் கொடுத்திருந்தேன். விஸ்டா தொடங்கி, அட்மின் அனுமதி இல்லாத பழைய வகை 32 பிட் நிரல் ஒன்று புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் எழுத முயன்றால், விண்டோஸ் அதைத் தடுப்பதும் இல்லை, பிழை காட்டுவதும் இல்லை. அந்தப் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் ஒரு மறைவு நகலை உண்டாக்கி, அங்கே எழுதவிடுகிறது. பகல்காரர் வைத்த 58 அவருடைய நகலில் பத்திரமாக இருந்தது. இரவுக்காரரின் லாகினில் நகல் ஏதும் இல்லாததால், சோதனையின்போது நான் அட்மினாக ஓட்டி எழுதிய 62 அவருக்குத் தெரிந்தது. முதல் நாள் நான் நேரில் போய் வைத்ததும் என் அட்மின் லாகினில் என்பதால், முன்பே தனி நகல் வைத்திருந்த பகல்காரருக்கு அது போய்ச் சேரவே இல்லை. அதற்குள் அவர் மழையைப் பார்த்து 57-க்கு இறக்கியிருந்தார். மூலக் கோப்பில் 58 நின்றது.

ஸ்கேடாவை நீக்கிவிட்டு, சி டிரைவின் வேரில் தனிக் கோப்புறை ஒன்றை உண்டாக்கி அதில் மறுபடியும் நிறுவி, அந்தக் கோப்புறைக்கு மட்டும் எல்லாப் பயனர்களுக்கும் எழுதும் அனுமதி கொடுத்தேன். இரு பயனர்களின் விர்ச்சுவல்ஸ்டோர் நகல்களையும் தேடி அழித்தேன். அன்றிரவிலிருந்து இரண்டு ஷிப்டும் ஒரே எண்ணைக் காண்கின்றன.

மற்றவை சில்லறை வேலைகள். தூக்க நிலையையும், யுஎஸ்பி போர்ட்டுக்கு மின்சாரம் மிச்சப்படுத்தும் அமைப்பையும் அணைத்தேன். ஒரு முறை இரவு இரண்டு மணிக்குத் திரை இருண்டு சூப்பர்வைசர் பதறிவிட்டார். பிளான்ட் பிஎல்சியின் பொறுப்பில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, கணினி மட்டும் உறங்கியிருந்தது. இணைய இணைப்பைத் துண்டித்து, அப்டேட்டுகளை மாதாந்திர மின்தடை நாளில் மட்டும் நான் இருந்து போடுவதாக ஏற்பாடு செய்தேன். மெய்நிகர் எக்ஸ்பியின் டிஸ்க் முழுவதும் ஒரே பெரிய கோப்பு என்பதால், அதன் நகல் ஒன்று என் மேசையிலும் இன்னொன்று அலுவலக இரும்பு அலமாரியிலும் இருக்கின்றன.

பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை மட்டும் இன்னும் புதுக் கணினியோடு பேசவைக்க முடியவில்லை. அதன் பாரலல் போர்ட்டுக்கு ஒரு மாற்றியை வாங்கிச் செருகிப் பார்த்தேன், ஸ்கேடா அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதனால் இரவு ஷிப்டின் மணிவாரி ஈரப்பதத்தைச் சூப்பர்வைசர் இப்போதும் நீல மையில் நோட்டில் எழுதிவருகிறார்.